முனியப்பன் வேலில் இருந்த ராஜினாமா

என் கறுப்புக் கவுனைத் துவைச்சு, இஸ்திரி போட்டு, நாலா மடிச்சு, பட்டுப் பொடவைக்கு அடியில வெச்சு பீரோவைப் பூட்டினேன். பத்தொம்பது வருசம் தோள்ல கெடந்த கவுன். ரெண்டு வருசத்துக்கு அதைத் தொடக்கூடாதுன்னு சென்னையில இருந்து உத்தரவு வந்துடுச்சு. என் மேல வந்த புகாரை பார் கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிச்சு, சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. கோர்ட்டுல நிக்கக்கூடாது, வக்கீல்னு போர்டு மாட்டக்கூடாது. ஆனி மாசம் மொத வாரம் அது. வெயில்னா அப்படி ஒரு வெயில். நான் போர்வையை இழுத்துப் போத்திக்கினு படுத்துட்டேன்.

பௌர்ணமி பூஜைக்கு வந்திருக்கிற அம்மாமாரே, அய்யாமாரே, உங்கள்ல பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். கச்சிராயபாளையத்துல இருந்து கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு தினம் டவுன் பஸ்ஸுல போற வக்கீல் மங்கை நான்தான். வாய் ஜாஸ்தின்னு பேரு எடுத்தவ. அந்த வாய் அன்னைக்கு அடைச்சுப் போச்சு. பஸ்ஸுல கண்டக்டர் "இன்னா மேடம், கோர்ட்டு லீவா?"ன்னு கேப்பாரேன்னு பயந்துகினு கடைவீதிக்கே போகலை. கட்சிக்காரங்க வந்து கேஸ் கட்டைத் திருப்பி வாங்கிக்கினு போனாங்க. ஒருத்தர்கூட மொகத்தைப் பார்க்கலை. திட்டியிருந்தாகூட தேவலாம்னு இருந்துச்சு.

உத்தரவு கையில கெடைச்ச நாள்ல இருந்து அறுபது நாளுக்குள்ள டில்லிக்கு அப்பீல் போடலாம். அது எனக்கே தெரியும். எத்தனை பேருக்கு அப்பீல் எழுதிக் கொடுத்தவ நான்! ஆனா என் அப்பீலுக்கு ஒரு வரி எழுத முடியலை. அப்பீல்னா ஆதாரம் வேணும். என்கிட்ட ஒண்ணும் இல்லை. அறுபதுல முப்பது நாள் அழுதே போயிடுச்சு.

நடந்தது இன்னான்னு சொல்லிடுறேன். மூடி மறைக்க ஒண்ணுமில்லை, எல்லாம் உத்தரவுலயே இருக்கு.

வெள்ளிமலைப் பக்கம் மேல ஒரு ஊரு. அங்க வெள்ளையன்னு ஒரு அண்ணன். மரவள்ளி வெச்சிருக்காரு, கொஞ்சம் சாமை. அவரு நெலத்துக்குப் போகணும்னா தம்பி கொல்லை வழியாத்தான் போகணும். தம்பி பேரு ஆண்டி. ரெண்டு பேருக்கும் சண்டை வந்து, தம்பி வழியை மறிச்சுட்டாரு. வெள்ளையண்ணன் ரெண்டு எடத்துல முறையிட்டாரு. கீழ எங்கிட்ட வந்து கோர்ட்டுல கேஸ் போட்டாரு. மலையடிவாரத்துல நம்ம முனியப்பன் வேல்ல பிராது கட்டினாரு. உங்களுக்குத் தெரியாததா? கஷ்டத்தைக் காகிதத்துல எழுதி, பூசாரி படிச்சுக் காட்டி, சுருட்டி வேல்ல கட்டுறது பிராது. சமாதானம் ஆயிடுச்சுன்னா வந்து அதை எடுத்துக்கறேன்னு இன்னொரு காகிதம் எழுதிக் கட்டணும், அது ராஜினாமா. கட்டாம வுட்டா முனியப்பன் வுட மாட்டாருன்னு இந்தச் சுத்துவட்டாரத்துக்கே பயம்.

கோர்ட்டுல கேஸ் வாய்தா வாய்தாவா போய்க்கினு இருந்தப்பவே முனியப்பன்கிட்ட தீர்ப்பு ஆயிடுச்சு. அண்ணனும் தம்பியும் ஒரு நாள் கோயிலுக்கு வந்து, வழி வுடுறேன்னு தம்பி கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணாரு. அண்ணன் அழுதாரு. நானும் அங்க இருந்தேன், நானும் அழுதேன். வெள்ளையண்ணன் என் கையைப் புடிச்சிக்கினு, "வக்கீலம்மா, கோர்ட்டு கேஸையும் வாபஸ் வாங்கிடுங்க"ன்னாரு. கடைசி பஸ்ஸு வந்துடுச்சு. சரிண்ணேன்னு சொல்லிட்டு ஓடிட்டேன்.

அடுத்த வாய்தாவுக்கு அவரு வரலை. மலையில மழை. நான் நீதிபதி முன்னாடி எழுந்து, சமாதானம் ஆயிடுச்சுங்க, கேஸை நடத்தலைங்கன்னு என் கையெழுத்தைப் போட்டு மெமோ கொடுத்துட்டேன். அவரு கைநாட்டு வாங்கலை. எதுக்கு வாங்கணும்? சாமி முன்னாடி கற்பூரம் அணைச்சாச்சு, அதுக்கு மேல ஒரு சாட்சி உண்டான்னு இருந்துட்டேன். வேற ஊரு வக்கீலா இருந்தா மொதல்ல பேப்பரைத்தான் நீட்டியிருப்பாங்க. இந்த மண்ணுல பொறந்து வளந்தவளுக்குத்தான் அந்தப் புத்தி வரும்.

ரெண்டு வருசம் ஒண்ணும் இல்லை. அப்புறம் தம்பி திரும்பவும் கல்லு நட்டு கம்பி வேலி போட்டுட்டாரு. வெள்ளையண்ணன் எங்கிட்ட வந்து, "அந்தக் கேஸை மறுபடி எடுங்க வக்கீலம்மா"ன்னாரு. அது முடிஞ்சுபோச்சுண்ணே, அதைத் திரும்ப எடுக்க முடியாதுன்னேன். அதையும் எப்படிச் சொன்னேன்? ஒரு கண்ணு கடிகாரத்துல, ஒரு கையில வேற கேஸ் கட்டு. அவரு அப்படியே நின்னாரு. அப்புறம் போயிட்டாரு.

கீழ டீக்கடையில யாரோ ஒருத்தர், உன் வக்கீலு எதிர்க்கட்சியோட சேர்ந்துக்கினு கேஸை முடிச்சுடுச்சுன்னு சொல்லி, இங்கிலீஷுல புகார் எழுதிக் கொடுத்துருக்காரு. இவரு கைநாட்டு வெச்சுட்டாரு. விசாரணையில நான் நிமிர்ந்து நின்னு, "அவங்க கற்பூரம் அணைச்சதை என் கண்ணால பார்த்தேங்க"ன்னு சொன்னேன். குழுவுல இருந்த ஒரு அய்யா மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு, "கற்பூரம் சரிம்மா, பேப்பர் எங்க?"ன்னு கேட்டாரு. எனக்குக் கோவம் வந்து ரெண்டு வார்த்தை ஜாஸ்தியாவே பேசிட்டேன். அவங்க மேல தப்பே இல்லை. பேப்பர் இல்லாத வக்கீலு பேசினா யாரு கேப்பாங்க?

இதுதான் கதை. கவுன் போச்சு, பேரு போச்சு. பத்தொம்பது வருசத்துல நேர்மையில ஒரு சொட்டுக் கறை கெடையாது. இப்ப எதிர்க்கட்சிகிட்ட வெலை போனவன்னு ஊரு பேசுது. அதுதான் நெஞ்சை அறுத்துச்சு.

எங்க வூட்டுக்காரரு கரும்பு வெட்டு ஆளோட அலைஞ்சுகினு இருந்தவரு, ஒரு நாள் வந்து கட்டில் பக்கத்துல உக்கார்ந்தாரு. "ஊருக்கெல்லாம் முனியப்பன்கிட்ட போங்கம்ப. நீ போவ மாட்டியா?"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. சுருக்குனு இருந்துச்சு.

ஆடி மொத வெள்ளி. தலைக்குக் குளிச்சுட்டு, மூணு எலுமிச்சம்பழம் வாங்கிக்கினு கோயிலுக்குப் போனேன். உள்ளுக்குள்ள பக்தி இல்லைங்க. உண்மையைச் சொல்றேன், ஆத்திரம்தான் இருந்துச்சு. பொய்ப் புகார் கொடுத்த வெள்ளையனை நீ கேளு சாமின்னு பிராது எழுதி எடுத்துக்கினு போனேன். வக்கீல் இல்லையா, நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தேன்.

பூசாரி குப்பு என்கூட பத்தாவது படிச்சவன். கணக்குல என்னைப் பார்த்து எழுதித்தான் பாஸ் ஆனான். அந்த நன்றியெல்லாம் அவன்கிட்ட கெடையாது. காகிதத்தை வாங்கி முழுக்கப் படிச்சான். படிச்சுட்டுத் திருப்பி என் கையிலயே கொடுத்தான்.

"இதைக் கட்ட மாட்டேன்" அப்படின்னான்.

"ஏன்டா?"

"எதிரி இன்னா பண்ணான்னு நாலு பக்கம் இருக்குது. நீ இன்னா பண்ணேன்னு ஒரு வரி இல்லையே. இந்தக் கோயில் வழக்கம் தெரியும்ல? ரெண்டு பக்கமும் எழுதணும் மங்கை. இது உன் கோர்ட்டு கெடையாது."

சண்டை போட்டேன். அவன் பாட்டுக்கு வெளக்குக்குத் திரி போட்டுக்கினு இருந்தான். வேற வழி இல்லாம அரசமரத்தடியில உக்கார்ந்து எழுத ஆரம்பிச்சேன். நான் இன்னா பண்ணேன்? கைநாட்டு வாங்கலை. சரி, எழுதினேன். அப்புறம்? தேவைப்பட்டா திரும்பப் போட்டுக்கறோம்னு கோர்ட்டுல அனுமதி கேட்டுத்தான் கேஸை வாபஸ் வாங்கியிருக்கணும். கேக்கலை. அதையும் எழுதினேன். கேஸை எடுத்துட்டா எடுத்ததுதான்னு அவருகிட்ட சொன்னேனா? அங்க பேனா நின்னுபோச்சு. சொல்லவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லலை. நம்ம முனியப்பன்கிட்ட ராஜினாமா கட்டினப்புறம் எதிரி வாக்கு மீறினா திரும்ப வந்து பிராது கட்டலாம். கோர்ட்டும் அப்படித்தான்னு அந்த மனுசன் நம்பியிருக்காரு. அவருக்குத் தெரிஞ்ச கோர்ட்டு அதுதானே!

அங்கயே அழுதேன். இத்தனை நாள் அழுத அழுகை வேற, இது வேற.

முனியப்பா, நான் ஜெயிக்கணும்னு கேக்கலை, எனக்கு உண்மை வெளியில வரணும், நான் வெலை போனவ இல்லைன்னு அந்த மனுசனுக்குத் தெரியணும், அது போதும்னு கும்புட்டேன். கண்ணைத் தொறந்தா குப்பு நிக்கிறான். புதுக் காகிதத்தை வாங்கி சத்தமா படிச்சான். கட்டினான். கட்டிட்டு, ரொம்ப சாதாரணமா, "அவங்க ராஜினாமாவுல நான்தானே எழுதினேன், கோர்ட்டு கேஸைப் பத்தியும் அதுல இருக்குதே"ன்னான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "இன்னாடா சொல்ற?"

"நீ பஸ்ஸைப் புடிக்க ஓடிட்ட. அப்புறம்தான் எழுதினோம். கோர்ட்டுல கெடக்கிற கேஸையும் எடுத்துக்கச் சொல்லி வக்கீலம்மாகிட்ட சொல்லிட்டேன்னு அண்ணன்காரரு சொன்னாரு, எழுதினேன். அவரு கைநாட்டு, தம்பி கையெழுத்து, ரெண்டும் இருக்குது."

பேப்பர் எங்கன்னு அந்த அய்யா கேட்டாரே, அந்தப் பேப்பர் மூணு வருசமா தகரக் கொட்டாய்க்குக் கீழ, என் தலைக்கு மேல தொங்கிக்கினு இருக்குது! வேல் பூரா காகிதம், பால் கவர்ல சுருட்டினது, துணியில சுத்தினது. நான் கையை நீட்டிட்டேன். குப்பு மணிக்கட்டைப் புடிச்சுட்டான்.

"தொடாத. கட்டினவங்கதான் அவுக்கணும்."

"டேய், என் பொழப்புடா அது!"

"எல்லாரு பொழப்பும்தான் இங்க தொங்குது."

வழக்கம் அப்படி. அடுத்தவங்க காகிதத்தை அவுத்தா அவங்க கஷ்டம் நம்ம தலையில வரும்னு சொல்வாங்க. அதோட இன்னொண்ணும் சொன்னான். மூணு வருசத்துக்கு ஒரு தபா ஆடிப் பதினெட்டு அன்னைக்கு வேல்ல இருக்கிற ராஜினாமாவையெல்லாம் இறக்கி கோமுகி ஆத்துல வுடுவாங்க. இது அந்த மூணாவது வருசம். ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருந்துச்சு.

ஆக, என் கவுனைத் திருப்பித் தரக்கூடிய ஒரே மனுசன், அதைப் புடுங்கின அதே மனுசன்தான். முனியப்பன் வேலையைப் பாருங்க!

ஞாயித்துக்கெழமை மலைக்குப் போற பஸ்ஸுல ஏறினேன். எறங்கி ரெண்டு மைல் நடந்தேன். வெள்ளையண்ணன் வாசல்ல மண்வெட்டிக்குப் புடி போட்டுக்கினு இருந்தாரு. என்னைப் பார்த்ததும் எழுந்திரிச்சாரு, ஆனா வாங்கன்னு சொல்லலை. அவரு வூட்டம்மாதான் சொம்புல தண்ணி கொடுத்துச்சு.

பஸ்ஸுல வரும்போதே பேச வேண்டியதைப் பாயிண்டு பாயிண்டா யோசிச்சு வெச்சிருந்தேன். ஒண்ணும் வாயில வரலை. "அண்ணே, கேஸை எடுத்தா திரும்பப் போட முடியாதுன்னு நான் உங்ககிட்ட சொல்லலைண்ணே. அது என் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க"ன்னேன். பத்தொம்பது வருசத்துல ஒரு கட்சிக்காரர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் மொத தபா.

அவரு மண்வெட்டியைச் செவுத்துல சாத்தி வெச்சாரு. அப்புறம், "நீங்க அவன்கிட்ட வாங்கிக்கினீங்கன்னு சொன்னாங்களே"ன்னாரு.

"உங்க சாமி மேல ஆணை, இல்லைண்ணே."

"அன்னைக்கு நான் வந்தப்ப நீங்க என் மொகத்தையே பார்க்கலை வக்கீலம்மா. அதான் நம்பிட்டேன்."

அடி வாங்கின மாதிரி இருந்துச்சு. நிஜம்தானே! பார்த்திருந்தா புகாரே வந்திருக்காது. ராஜினாமா காகிதத்தைப் பத்திச் சொன்னேன். நீங்க வந்து அவுத்துக் கொடுத்தாத்தான் உண்டுன்னேன். வரேன்னு சொல்வாருன்னு எதிர்பார்த்தேன். "சாமிக்குக் கட்டினதை அவுக்கறது சின்ன விசயம் இல்ல. யோசிக்கணும்"னாரு. அவ்வளவுதான். சாப்புட்டுட்டுப் போங்கன்னு வூட்டம்மா சாமைச் சோறும் மொச்சைக் கொழம்பும் வெச்சுது. சாப்புட்டேன். கீழ எறங்கி வரும்போது ஆச்சரியமா மனசு லேசா இருந்துச்சு. காகிதம் கெடைக்கலை, அப்பீலுக்கு நாள் ஓடுது, ஆனா அன்னைக்குத்தான் ஒரு மாசத்துக்கு அப்புறம் நல்லாத் தூங்கினேன்.

அதுக்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. தினம் கோயிலுக்குப் போவேன். வேலைச் சுத்தி வருவேன். குப்பு கண்ணைக் காட்டுவான், இன்னும் வரலைன்னு. செவப்புத் துணியில சுத்தின ஒண்ணைக் காட்டி, அதுதான் அவங்களோடதுன்னான். வெள்ளையண்ணன் தோள் துண்டுல கிழிச்சுக் கட்டினது. எட்டிப் புடிக்கிற ஒசரம்தான். கையைப் பின்னாடி கட்டிக்கினு நின்னேன்.

ஆடிப் பதினேழு காலையில, ஒம்போது மணி இருக்கும். குப்பு போன் பண்ணான். "வா" ஒரு வார்த்தை.

ஓடினேன். ஆத்துல முழுகிட்டு ஈர வேட்டியோட வெள்ளையண்ணன் வேல்கிட்ட நிக்கிறாரு. அவருக்குப் பின்னாடி தலையைத் தொங்கப் போட்டுக்கினு தம்பி ஆண்டி. ரெண்டு பேரு கட்டினதை அவுக்கணும்னா ரெண்டு பேரும் வரணும்னு பூசாரி சொல்லி அனுப்பியிருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்தை மூச்சு வுடலை, படுபாவி!

கற்பூரம் ஏத்தினாங்க. வெள்ளையண்ணன் முடிச்சை அவுத்தாரு. குப்பு காகிதத்தைப் பிரிச்சு சத்தமா படிச்சான். வழி வுடுறேன்னு தம்பி சொன்னது, கேஸை எடுக்கச் சொன்னேன்னு அண்ணன் சொன்னது, எல்லாம் இருந்துச்சு. எண்ணெய் எறங்கி, மஞ்சள் குங்குமம் அப்பியிருந்துச்சு, ஆனா ஒரு எழுத்து அழியலை. குப்பு படிச்சு முடிக்கறதுக்குள்ள தம்பிக்காரரு வேல் முன்னாடி உக்கார்ந்துட்டாரு. "வேலியை எடுத்துடறேண்ணே"ன்னாரு. அதை யாரும் அவரைக் கேக்கலை. முனியப்பன் கேட்டுட்டாரு.

வெள்ளையண்ணன் காகிதத்தை ரெண்டு கையாலயும் எங்கிட்ட கொடுத்தாரு. வாங்கிக் கண்ணுல ஒத்திக்கினேன்.

அம்பத்தி ரெண்டாவது நாள் அப்பீல் போட்டேன். அந்தக் காகிதத்தோட, வெள்ளையண்ணன் தானே வந்து கைநாட்டு வெச்ச பிரமாணப் பத்திரமும் சேர்த்து. அப்பீல்ல நான் தப்பே பண்ணலைன்னு எழுதலை. மரத்தடியில முனியப்பனுக்கு எழுதினதைத்தான் சட்ட பாஷையில எழுதினேன். தீர்ப்பு வர்ற வரைக்கும் உத்தரவை நிறுத்தி வைங்கன்னு கேட்டேன், கெடைக்கலை. பரவாயில்லைன்னு கரும்புக்குத் தண்ணி பாய்ச்சினேன். எட்டு மாசம். நம்புவீங்களோ மாட்டீங்களோ, அந்த எட்டு மாசம் நான் நிம்மதியா இருந்தேன்.

டில்லியில கூப்புட்டாங்க. காகிதத்தைக் கையில எடுத்த ஒரு அம்மா, வெரல்ல ஒட்டின குங்குமத்தைப் பார்த்துட்டு, இது எங்க இருந்துச்சுன்னு கேட்டாங்க. சொன்னேன். சிரிக்கலை அவங்க. கவனமா கேட்டுக்கினாங்க. பங்குனியில தீர்ப்பு வந்துச்சு. கேஸை எடுக்கச் சொன்னது உண்மைதான், இவங்க வெலை போகலை, ஆனா கட்சிக்காரருக்கு விளக்கிச் சொல்லாததும் எழுதி வாங்காததும் தப்புன்னு சொல்லி, சஸ்பெண்டை எடுத்துட்டு வெறும் கண்டிப்போட வுட்டாங்க. அந்தக் கண்டிப்பு எனக்குச் சேர வேண்டியதுதான். அதை எதிர்த்து மேல அப்பீல் போகலாம்னு நண்பருங்க சொன்னாங்க. வேணாம்னுட்டேன். பீரோவுல இருந்து கவுனை எடுத்தேன், நாப்தலின் வாசனை. எங்க வூட்டுக்காரரு வாசல்ல நின்னு, "பஸ்ஸு வந்துடும், ஓடு"ன்னாரு. சிரிச்சுக்கினே அழுதேன்.

இப்ப எங்கிட்ட யாரு வந்தாலும், எந்தப் பேப்பரா இருந்தாலும், தமிழ்ல எழுதி, ரெண்டு தபா சத்தமா படிச்சுக் காட்டி, அவங்க வாயால திருப்பிச் சொல்ல வெச்சு, அப்புறம்தான் கையெழுத்து. வர்றவங்க மொகத்தைப் பார்த்துப் பேசுறேன். கடிகாரத்தைக் கழட்டி மேசை டிராயர்ல போட்டுடறேன். பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு வரும்ங்க.

ஒண்ணு பாக்கி இருந்துச்சு. வெள்ளையண்ணன் மேல நான் கட்டின பிராது. அது வேல்லயே கெடக்குதுல்ல? போன பௌர்ணமிக்கு அவரையும் வரச் சொல்லி, ராஜினாமா எழுதிக்கினு போனேன். குப்பு வாங்கிப் படிக்கப் போனான். வெள்ளையண்ணன் கையைக் காட்டி நிறுத்தினாரு.

"வக்கீலம்மாவே படிக்கட்டும்."

படிச்சேன். வெள்ளையண்ணன் மேல எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, பிராதை எடுத்துக்கறேன், என் தப்பை நான் தெரிஞ்சுக்கினேன்னு.

"இன்னொரு தபா படிங்க"ன்னாரு. மொகத்துல சிரிப்பே இல்லை. குப்பு அந்தப் பக்கம் திரும்பிக்கினு குலுங்குறான். ரெண்டாவது தபாவும் படிச்சேன்.

"இதை எடுத்துட்டா, திரும்பக் கட்ட முடியுமா?"ன்னு கேட்டாரு.

"இங்க கட்டலாம்ண்ணே. ஆனா நான் கட்ட மாட்டேன்."

"அப்ப கையெழுத்துப் போடுங்க"ன்னு சொல்லி, தோள் துண்டுல ஒரு ஓரத்தைக் கிழிச்சு நீட்டினாரு. அதுலதான் சுத்திக் கட்டியிருக்கேன். போகும்போது பாருங்க, கீழ இருந்து ரெண்டாவது, செவப்பு.

மனசுல பாரத்தோட வந்திருக்கிறவங்க இன்னைக்கு இங்க யாராவது இருப்பீங்க. எழுதிக் கட்டுங்க. எதிரி பண்ணதை எழுதுங்க, நீங்க பண்ணதையும் வுடாம எழுதுங்க. நம்ம முனியப்பன் ரெண்டையும் படிச்சுட்டுத்தான் தீர்ப்பு சொல்வாரு. எனக்குச் சொன்னாரு. அந்தத் தீர்ப்பு மேல எனக்கு அப்பீல் இல்லைங்க.